கடிபட்ட ரயில்வே ஸ்டேஷன்

அந்த வீட்டில் மூன்று அறைகள். ஒன்றில் புருஷனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். இன்னொன்றில் பல் இருந்தது. மூன்றாவதில் கட்டை இருந்தது.

பயந்துவிட வேண்டாம். வீட்டுக்காரர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் வாயைத் திறக்கச் சொல்லி அளவெடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த அளவுக்குப் பல்லை வரிசையாகப் பதித்து, ஈறு கட்டி, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவது இவர் வேலை. முப்பத்தெட்டு வருஷமாக இதே தொழில். தெருவில் யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைத்தான் பார்ப்பார். பாதிச் சிரிப்பு அவர் பட்டறையில் செய்ததாக இருக்கும்.

கட்டை என்றால் விறகு இல்லை. குழந்தைகள் ஒன்றின் மேல் ஒன்றை மாட்டி வீடு கட்டும், கப்பல் கட்டும், பிறகு எல்லாவற்றையும் நடுக்கூடத்தில் கொட்டிவைக்கும், நாம் வெறுங்காலோடு போய் மிதிப்போமே, அந்தக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் கட்டை. கூடவே கட்டைவிரல் உயரத்துக்குப் பொம்மை ஆட்களும் உண்டு. தொப்பியைக் கழற்றலாம், தலையையே கழற்றி இன்னொருவருக்கு மாட்டலாம். இவற்றை இணையத்தில் வாங்கவும் விற்கவும் நரைத்த தலைக்காரர்கள் ஒரு பெருங்கூட்டமாக இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. பல்செட்காரரின் மனைவிக்குத் தெரியும். தேவைக்கு மேலேயே தெரியும்.

அந்த அம்மாள் தபாலாபீஸில் பார்சல் கவுன்டரில் முப்பத்து மூன்று வருஷம் நின்றவர். தெருவில் அவருக்குப் பெயரே பார்சலம்மாதான். பெட்டியைக் கையில் வாங்கினால் எடை சொல்லிவிடுவார். மெஷின் கொஞ்சம் யோசித்துவிட்டு அதையே சொல்லும். வேலையிலிருந்து ஓய்வு வாங்கியாயிற்று, கை மட்டும் ஓய்வு வாங்கவில்லை.

அன்று காலையில் ஒரு பார்சல் வந்தது. பல்செட்காரர் வாசலுக்கு ஓடுவதற்குள் அம்மாள் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார்.

"என்னங்க இது?"

"பிளாஸ்டர்மா. பல் அச்சு எடுக்க."

அம்மாள் பெட்டியை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒண்ணேகால் கிலோ. பிளாஸ்டர் இப்படிக் குலுங்காது. இது கட்டை."

"கொஞ்சம் பல்லும் இருக்கும்."

"இருக்கும் இருக்கும். பொய் சொல்ற வாய்ல பல்லும் இருக்கும்."

பல்செட்காரர் தரையைப் பார்த்தார். தரையிலும் ஒரு கட்டை கிடந்தது. அதைக் காலால் மெதுவாகச் சோபாவுக்கு அடியில் தள்ளினார். அதையும் அம்மாள் பார்த்துவிட்டார்.

"உட்காருங்க," என்றார். உட்கார்ந்தார். "முப்பத்து மூணு வருஷம் ஒரு ஜன்னலுக்குப் பின்னாடி நின்னேன். அந்தப் பக்கத்துலேருந்து யாராவது எதையாவது நீட்டிக்கிட்டே இருந்தாங்க. இனிமே எனக்கு யாரும் எதையும் நீட்டாத ஜன்னல் ஒண்ணு வேணும். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. உட்கார்ந்து வெளியே பார்க்கணும். அவ்வளவுதான் ஆசை."

"நல்ல ஆசைதானே?"

"அந்த ஜன்னல் உங்க கட்டை ரூம்ல இருக்கு."

பல்செட்காரர் அந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பத்தோரு பெட்டி இருக்கு. ஒரு மாசம் டைம். வாங்கத் தெரியுதுல்ல? விக்கவும் தெரியணும்."

நியாயமான பேச்சு. எதிர்த்துப் பேச ஒரு ஓட்டைகூட இல்லை. மனைவி பேச்சில் ஓட்டை தேடுவது அவர் வழக்கம், கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம். அம்மாள் வாயில் ஒரே ஒரு குறைதான் உண்டு. கீழ்வரிசை முன்பல்லில் ஓரம் கொஞ்சம் மூளி. கட்டின நாளில் இருந்ததில்லை. நடுவில் எப்போதோ உடைந்திருக்கிறது. கேட்டால் "எதையோ கடிச்சேன்" என்பதோடு சரி. அடைத்துவிடுகிறேன் வா என்று இருபது வருஷத்துக்கும் மேலாகக் கூப்பிடுகிறார், வாயைத் திறந்து காட்டக்கூட ஒத்துக்கொண்டதில்லை. "நான் வாயைத் திறந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று சொல்லிவிடுவார். ஊரில் பாதிப் பேருக்குப் பல் அளவெடுத்தவர், சொந்தப் பெண்டாட்டியின் வாயை அளவெடுத்ததில்லை.

சரி, கட்டை விஷயத்துக்கு வருவோம். நாற்பது பெட்டிகள் போய்விட்டன. மூன்றே வாரம். தீயணைப்பு நிலையம் போயிற்று, கடற்கொள்ளைக் கப்பல் போயிற்று, தலையில்லாத போலீஸ்காரர்கள் இருபத்திரண்டு பேர் ஒரே பையில் போனார்கள். எல்லாப் பார்சலையும் அம்மாளே கட்டினார். அந்தச் சந்தையில் வாங்கினவர்கள் விற்றவருக்கு நட்சத்திரம் போடுவார்கள். பல்செட்காரருக்கு எல்லாரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். "கட்டை சுமார், பேக்கிங் பிரமாதம்" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

நாற்பத்தொன்றாவது பெட்டி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. சிவப்புப் பெட்டி. உள்ளே ரயில்வே ஸ்டேஷன்.

"அதுவும்தான்," என்றார் அம்மாள்.

"அது பாப்பாவோடது."

"பாப்பாதான் மூணு தடவை கேட்டாளே, கொடுத்தீங்களா?"

கொடுக்கவில்லை. பாப்பா என்பது மகள். வயது முப்பத்தொன்று. வேறு ஊரில் கண் ஆஸ்பத்திரியில் வேலை, தனிக் குடித்தனம், ஆனாலும் இந்த வீட்டில் பாப்பாதான். மூன்று தடவையும் அவர் சொன்னது ஒரே பதில். "ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மை காணோம்மா. கண்டுபிடிச்சு முழுசா ஆக்கித் தரேன்." மாஸ்டரைத் தேடித் தேடிக் கிலோ கிலோவாகப் பழைய கட்டை வாங்கித்தான் நாற்பது பெட்டி சேர்ந்தது. அந்த ஸ்டேஷனின் ஒவ்வொரு கட்டைக்கும் இப்போது இரட்டை இருக்கிறது. மாஸ்டர் மட்டும் கிடைக்கவில்லை.

உண்மையில் மாஸ்டர் ஒரு சாக்கு. கொடுக்க மனசு வரவில்லை, அதுதான் விஷயம்.

பாப்பாவுக்கு நாலு வயது இருக்கும்போது வாங்கின ஸ்டேஷன் அது. அப்போது சொந்தப் பட்டறை கிடையாது. ஊரின் மறுகோடியில் இன்னொருவரிடம் வேலை. இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேரும்போது குழந்தை தூங்கியிருக்கும். விழித்திருக்கும் குழந்தையை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் கூடத்துத் தரையில் ஸ்டேஷன் நிற்கும். நேற்று மணிக்கூண்டு இடதுபக்கம் இருந்தால் இன்று வலதுபக்கம் இருக்கும். இன்று பிளாட்பாரத்தில் பூனை டிக்கெட் வாங்கும். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக எடுத்துப் பார்ப்பார். கட்டை ஓரங்களில் பல் தடம் இருக்கும்.

பல் தடம்! வேறு அப்பனாக இருந்தால் துடைத்து வைத்திருப்பான். இவர் பல்லிலேயே பிழைக்கிறவர். தடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கீழ்வரிசை முன்பல் இரண்டு. நடுவில் மெல்லிசாக ஒரு கோடு. "இன்னிக்கு ரெண்டு கடிச்சிருக்கா!" என்று தனக்குள் சிரித்துக்கொள்வார். மகள் அவருக்கு எழுதி வைத்துவிட்டுத் தூங்கப்போன கடிதம் மாதிரி இருக்கும் அது. குழந்தை வளர்ந்ததை அவர் பார்த்ததெல்லாம் அந்த முப்பத்தாறு கட்டைகளில்தான். அதை யாருக்குத்தான் விற்க முடியும்? மகளுக்கே கொடுக்க முடியவில்லையே!

எதிர்வீட்டில் கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார் இருந்தார். எந்த விஷயத்தையும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு பேசுவது போலவே பேசுவார். பல்செட்காரர் அவரிடம் போய் அழுதார்.

"விக்கவும் கூடாது, வித்த மாதிரியும் இருக்கணும் வாத்தியாரே. என்ன பண்றது?"

"இதுக்குப் போயா திடீர் பிரேக் போடறீங்க? விளம்பரம் போடுங்க. ஆனா உண்மையைச் சொல்லுங்க."

"உண்மையைச் சொன்னா?"

"பழைய வண்டி விக்கிறவன் உண்மையைச் சொன்னா வண்டி ஷெட்லயே நிக்கும். எத்தனை ஓட்டை, எத்தனை கீறல், எங்கே இடிச்சது, எல்லாம் எழுதுங்க. ஒருத்தன் திரும்பிப் பார்க்க மாட்டான். ஒரு மாசம் கழிச்சு வீட்டம்மாகிட்ட போய், 'பாரு, போணியாகல'ன்னு சொல்லிட்டு ரிவர்ஸ் எடுங்க."

பல்செட்காரருக்கு வாத்தியாரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அன்றே உட்கார்ந்து எழுதினார்:

"விற்பனைக்கு ரயில்வே ஸ்டேஷன். இருபத்தேழு வருஷப் பழசு. பெட்டி கிழிசல். கூரையில் சாயம் வெளுத்துவிட்டது. மணிக்கூண்டின் வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிவிட்டன. மருந்து போட்டு வெளுக்க வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். அசலைத் தொட்டால் மதிப்பு போய்விடும். ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை. டிக்கெட் கொடுப்பவருக்கு இடது கை தளர்வு, எதைக் கொடுத்தாலும் கீழே போடுவார். முப்பத்தாறு கட்டைகளில் பல் தடம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். பல் என்று எழுதியதும் கை நிற்கவில்லை.

"முதல் தடம் பிளாட்பார ஓரத்தில். அன்று நல்ல மழை. நான் நனைந்து வந்து சேர்ந்தபோது குழந்தை தூங்கிவிட்டிருந்தாள். ஏழாவது தடம் மணிக்கூண்டுக்குக் கீழே. அன்று நான் செய்த பல்செட் அளவு தப்பி முதலாளியிடம் திட்டு வாங்கியிருந்தேன். இந்தத் தடத்தைப் பார்த்ததும் மறந்துபோனது. பெரும்பாலும் மெல்லிய தட்டைக் கட்டைகளின் ஓரமாகப் பார்த்தே கடித்திருக்கிறாள். கடிக்க எது வாகு என்று அந்த வயதிலேயே தெரிந்திருக்கிறது. எல்லாத் தடத்திலும் நடுவில் ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். அது என் மகளின் கையெழுத்து. இவ்வளவு குறையுள்ள பொருளை வாங்குவது உங்களுக்கு நஷ்டம்."

இப்படி முப்பத்தாறுக்கும் எழுதினார். கடைசி வரி எழுதும்போது மூக்குக் கண்ணாடியை இரண்டு தரம் துடைக்க வேண்டியிருந்தது. போட்டுவிட்டு நிம்மதியாக வந்து சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் திறந்து பார்த்தால் நானூறு பேர் படித்திருந்தார்கள்.

"ஐயா, ஏழாவது கட்டையை மட்டும் தனியா தருவீங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். "என் பையன் கடிச்ச கட்டையைக் குப்பையில போட்டேன். இப்ப அவன் என்கூடப் பேசறதில்ல. உங்க விளம்பரத்தை மூணு தடவை படிச்சேன்" என்று இன்னொருவர். "விலையை ஏத்துங்க சார், இது பாவம்" என்று மூன்றாமவர். அந்தச் சந்தை தொடங்கிய நாளிலிருந்து விலையை ஏற்றச் சொன்ன வாடிக்கையாளர் அவர் ஒருவர்தான்.

பல்செட்காரர் எதிர்வீட்டுக்கு ஓடினார். "வாத்தியாரே, வண்டி ஷெட்டை உடைச்சுக்கிட்டுக் கிளம்பிடுச்சு!"

"இன்னும் குறை எழுதுங்க. நல்லா அழுத்தி எழுதுங்க."

எழுதினார். எழுத எழுதக் கூட்டம் கூடியது. மாலைக்குள் 'கடைசிரயில்' என்று புனைபெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருவர், கேட்ட விலைக்கு மேலே கொடுக்கிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. "பல் தடம் உள்ள முப்பத்தாறும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேண்டாம்."

இதைத் தோளுக்குப் பின்னாலிருந்து அம்மாள் படித்துவிட்டார்.

"நல்ல மனுஷங்களா தெரியுது. வித்தாச்சுன்னு போடுங்க."

"இல்லம்மா, கொஞ்சம் விசாரிச்சு…"

"இதுல விசாரிக்க என்ன இருக்கு? போடுங்க."

போட்டார். விரல் தயங்கியது. பொத்தான் மட்டும் தயங்காமல் வேலை செய்தது.

அன்று இரவு பல்செட்காரர் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் வந்திருக்க முடியாது, ஏனென்றால் வேறு எந்தப் புருஷனிடமும் அதற்கான கருவி இல்லை.

மற்ற வீடுகளில் பிறந்தநாளுக்குக் குழந்தையைப் போட்டோ எடுப்பார்கள். இவர் பல் அச்சு எடுப்பார். மூன்று வயது, நான்கு, ஐந்து என்று பாப்பாவின் பால் பற்கள் பிளாஸ்டரில் வரிசையாக அலமாரியில் சிரித்துக்கொண்டிருந்தன. அந்த ஸ்டேஷனுக்கு இரட்டையாக ஒரு முழு ஸ்டேஷனே விற்பதற்கு முன்பே பெட்டிகளிலிருந்து பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்திருந்தார். அச்சும் இருக்கிறது, கட்டையும் இருக்கிறது. பிறகென்ன? அச்சுக்குத் தகுந்தாற்போல் உலோகத்தில் ஒரு வரிசை பல் வார்த்து, இடுக்கியில் மாட்டி, முப்பத்தாறு கட்டையையும் கடிக்கவிட்டால் தீர்ந்தது. போலி ஊருக்குப் போகும், அசல் வீட்டில் இருக்கும்.

நாலு வயது அச்சை எடுத்து அசல் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை.

தடம் கொஞ்சம் அகலம். பல் கொஞ்சம் சிறிசு. நடுவில் விழவேண்டிய கோடும் பல்லில் இல்லை. ஐந்து வயது அச்சை வைத்துப் பார்த்தார். அதுவும் உட்காரவில்லை. இருபத்தேழு வருஷத்தில் ஒருநாளும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. தெரிந்த விஷயத்தை யார் சோதித்துக்கொண்டிருப்பார்கள்?

வேறொருவராக இருந்தால் இங்கே ஒரு நிமிஷம் யோசித்திருப்பார். இவர் நிபுணர் அல்லவா? "பிளாஸ்டர் சுருங்கிப்போச்சு," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அரத்தை எடுத்தார். பல்லை அகலமாக்கினார். ஓரத்தில் ஒரு மூளி வைத்தார். கோடு அச்சு அசலாக விழுந்தது. இரண்டு நாள் கடித்தார், அதாவது இடுக்கி கடித்தது. மூன்றாம் நாள் முப்பத்தாறு போலிகளும் தயார். அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தொழில் கர்வத்தில் அவர் கண்ணே கலங்கிவிட்டது.

கடிபட்ட அசல் முப்பத்தாறையும் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, "திருப்பி வந்த பல்செட்" என்று எழுதி அலமாரி உச்சியில் வைத்தார். எந்தக் கள்வனும் திறக்கமாட்டாத பெட்டி. மிச்ச ஸ்டேஷனோடு போலிகளைச் சிவப்புப் பெட்டியில் அடுக்கி மனைவியிடம் கொடுத்தார்.

அம்மாள் பெட்டியைக் கையில் வாங்கினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"என்ன பார்க்கிறே?"

"தொள்ளாயிரத்து நாப்பது கிராம்," என்றார் அம்மாள். "சரி, வெச்சுட்டுப் போங்க. ஸ்டேஷன் உடையாம அனுப்பணும்னா நிதானமா கட்டணும். உங்களுக்கு டாக்டர்கிட்ட ரெண்டு செட் கொடுக்க வேண்டியிருக்குல்ல? போய்ட்டு வாங்க."

போய்விட்டு வந்தார். பார்சல் தயாராக மேஜைமேல் இருந்தது. நாலு பக்கமும் நாடா ஒட்டி, மூலைக்கு அட்டை வைத்து, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த விலாசத்தைப் படிக்க மனசு வராமல் அவரே தபாலாபீஸுக்குத் தூக்கிக்கொண்டு போனார். போகிற வழியில் முகம் தெரியாத அந்த ஆளை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

நான்கு நாளில் கடைசிரயிலின் மதிப்புரை வந்தது. ஐந்து நட்சத்திரம். "அசல். தொட்டதுமே தெரிந்தது. மிக்க நன்றி."

பல்செட்காரர் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் "திருப்பி வந்த பல்செட்" கீழே இறங்கும். ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் தடவிப் பார்ப்பார். ஒருநாள் வாத்தியாரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்க, இதான் அசல். இது அந்த மழை நாள்ல கடிச்சது."

"போலிக்கும் இதுக்கும் என்னங்க வித்தியாசம்? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாது. தொழில்காரன் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தடத்துல ஒரு உயிர் இருக்கு பாருங்க."

வாத்தியார் கிட்டப்போய்ப் பார்த்தார். உயிர் இருப்பதாக ஒத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

இதற்குள் மூன்றாவது அறை காலியாகிவிட்டது. ஸ்டேஷன் விற்ற காசில் மேஜையும் நாற்காலியும் வந்தன. அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். யாரும் எதையும் நீட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் மேஜைமேல் இருந்த போன் அடித்தது. மகள், வீடியோவில்.

"அப்பாவைக் கூப்பிடும்மா, ஒண்ணு காட்டணும்."

பல்செட்காரர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தார். மகளின் மேஜை தெரிந்தது. மேஜைமேல் ரயில்வே ஸ்டேஷன் நின்றது. சாயம் வெளுத்த கூரை. மஞ்சள் மணிக்கூண்டு.

"நான்தான்ப்பா கடைசிரயில்!"

அவர் போனை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டார்.

"நீங்க எழுதினதைப் படிச்சேன்ப்பா. நனைஞ்சுக்கிட்டு வந்தது, திட்டு வாங்கினது, எதுவுமே எனக்குத் தெரியாது. நான் தூங்கினப்புறம் நீங்க வந்து இவ்வளவு பார்த்திருக்கீங்கன்னு யாருமே சொல்லல. ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் படிச்சுக் காட்டினேன். ஒருத்தர் விடாம அழுதாங்க. அப்புறம் இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க."

கையை முன்னால் நீட்டினாள். உள்ளங்கையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒருவர் நின்றார். தொப்பி, மீசை, கொடி. ஸ்டேஷன் மாஸ்டர்.

"காலேஜ் ஹாஸ்டலுக்குப் போறப்ப எடுத்துட்டுப் போயிட்டேன். மீசை உங்க மாதிரியே இருக்கும்ல? சொன்னா திருப்பிக் கேப்பீங்கன்னு சொல்லல. இன்னிக்குத்தான் டியூட்டில சேர்ந்தார்."

மாஸ்டரை பிளாட்பாரத்தில் நிறுத்தினாள். கடிபட்ட கட்டையின் ஓரமாக, கூட்டமில்லாத பிளாட்பாரத்தில், அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல்செட்காரர் "நல்லாருக்குமா, நல்லாருக்குமா" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார்.

பெற்ற மகளையே ஏமாற்றியிருக்கிறார். இடுக்கி கடித்த கட்டையைக் காசுக்கு விற்றிருக்கிறார், அதை அவள் கண்ணீரோடு தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். அட்டைப் பெட்டியை இறக்கித் தூக்கிக்கொண்டு வந்து அம்மாளின் புது மேஜைமேல் வைத்தார். 

"நான் ஒரு பாவம் பண்ணிட்டேம்மா. அவளுக்குப் போனது போலி. நான் செஞ்சது. அசல் இதோ இருக்கு. இன்னிக்கே கட்டு, நானே நேர்ல கொண்டுபோய்க் கொடுத்துக் கால்ல விழறேன்."

அம்மாள் பெட்டியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார்.

"அவகிட்டதான் அசல் இருக்கு. நீங்க டாக்டர் வீட்டுக்குப் போனப்ப மாத்திக் கட்டிட்டேன்."

"அப்போ இது?"

"இது நீங்க செஞ்சது. ஒரு வாரமா தடவித் தடவி வாத்தியாருக்கு உயிர் காட்டினீங்களே, அது."

பல்செட்காரர் நாற்காலியைத் தேடினார். இருந்த ஒரே நாற்காலியில் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் உன் வேலையா? அவகிட்ட சொல்லி வாங்க வெச்சதும் நீதானா?"

"மூணு தடவை பொண்ணா கேட்டா, கொடுக்கல. வாடிக்கைக்காரியா கேட்டா கொடுத்துத்தானே ஆகணும்? நட்சத்திரம் குறைஞ்சா உங்களுக்குத் தூக்கம் வராதே. அப்பவும் ஏதாவது பண்ணுவீங்கன்னு தெரியும். கட்டைல பிளாஸ்டர் தூள் ஒட்டியிருந்தது. அலமாரி உச்சியில இருந்த 'திருப்பி வந்த பல்செட்'டைத் தூக்கினேன், கட்டை மாதிரி குலுங்குச்சு."

"சரி, பிளாஸ்டர் தூள் இருந்தா பட்டறைக்குப் போயிருக்குன்னுதானே அர்த்தம்? போலின்னு எப்படித் தெரிஞ்சுது? நானே ஒரு வாரமா பார்த்துட்டு இருக்கேன், எனக்கே தெரியல. முப்பத்தெட்டு வருஷமா இதே தொழில்!"

அம்மாள் பெட்டியிலிருந்து ஒரு போலியை எடுத்துக் கீழ்ப் பல்லில் வைத்துக் கடித்தார். கட்டை ஆடியது. எடுத்துக் கீழே வைத்தார். மேஜை டிராயரைத் திறந்து தனியாக ஒரு கட்டையை எடுத்தார். மழை நாள் கட்டை. "பாப்பாகிட்ட கேட்டு ஒண்ணு மட்டும் வெச்சுக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு அதைப் பல்லில் வைத்தார். தடத்தில் பல் போய் உட்கார்ந்தது. நடுக்கோட்டில் மூளி போய் உட்கார்ந்தது. கையை எடுத்துவிட்டார். கட்டை விழவில்லை.

பல்செட்காரர் நெற்றியில் மாட்டியிருந்த பட்டறைப் பூதக்கண்ணாடியை இறக்கிக் கிட்டப்போய்ப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாய் அவருக்குத் திறந்து காட்டப்பட்டிருந்தது. கீழ்வரிசை. இடது முன்பல். ஓரம் மூளி. இவ்வளவு கச்சிதமாக ஒரு பல் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

"தட்டைக் கட்டை ரெண்டு ஒட்டிக்கிட்டா கழட்டவே வராது," என்றார் அம்மாள், கட்டையை எடுத்துவிட்டு. "பிஞ்சு நகம், அவளுக்கு முடியாது, அழுவா. நான் கடிச்சுக் கழட்டித் தருவேன். முதல் நாளே பல்லு டக்குன்னுச்சு. அவ கடிச்சதே கிடையாது."

"இருபத்தேழு வருஷமா ஏன் சொல்லல?"

"பஸ்ல இடிபட்டு வந்து அதைப் பார்த்துத்தான் அன்னிக்கு முதல் தடவையா சிரிப்பீங்க. அதைப் போய்க் கெடுக்கச் சொல்றீங்களா?"

கவுன்டரில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து ஸ்டேஷன் கட்டிய ஒருத்தி இத்தனை வருஷமும் அவர் கண்ணில் படவே இல்லை. மகளின் கடிதம் என்று அவர் படித்ததெல்லாம் மனைவி எழுதினது. வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. அந்த மழை நாள் முன்னைவிட நன்றாக இருந்த மாதிரியும் தோன்றியது. ஏதாவது செய்யவேண்டும்போல் இருந்தது. தெரிந்தது ஒரே ஒரு வேலைதான்.

"அந்தப் பல்லை இப்பவாவது அடைச்சு விடட்டுமா?" என்று கேட்டார், ரொம்பப் பணிவாக.

அம்மாள் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"தொடாதீங்க. அசலைத் தொட்டா மதிப்பு போயிடும்."